புத்தகம் வைக்கிற நாள்

"அக்கா, எந்த ஆப்ஷனல் எடுத்தா நான் பாஸாவேன்?"

கோகிலவாணி இதைக் கேட்டபோது ஜெபமலர் யாருடைய விடைத்தாளையோ திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போன வாரம் எதைச் சொன்னே?"

"மானிடவியல்."

"அதுக்கு முன்னாடி?"

"சமூகவியல்."

"அதுக்கும் முன்னாடி?"

கோகிலவாணி விரலை மடக்கி எண்ணினாள். பக்கத்து மேஜையிலிருந்து ரியாஸ் எடுத்துக் கொடுத்தான்.

"பொது நிர்வாகம்க்கா. நடுவுல ரெண்டு நாள் தமிழ் இலக்கியம். அது கணக்குல சேராது. அப்ப அவளுக்குக் காய்ச்சல்."

அறையே சிரித்தது. கோகிலவாணியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வரும்போல் இருந்தது.

அண்ணா நகரில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே இருந்தது அந்த அறை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அங்கே வந்து விடை எழுதிப் பழகுவார்கள். ஜெபமலர் திருத்திக் கொடுப்பாள். அவளும் ஒரு காலத்தில் எழுதியவள்தான். டெல்லி நேர்காணல்வரை போய்ப் போய்த் திரும்பியவள். வயதும் வாய்ப்பும் தீர்ந்த பிறகு இந்த அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்ததே இல்லை. அவள் திருத்திக் கொடுத்தவர்களின் பெயர்கள் வந்தன.

அந்தத் தேர்வில் ஒரு பாடத்தை அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும்; அவளுடைய ஆப்ஷனல் கணிதம். பிடித்த பாடத்தை எடுத்தால் கதி இப்படித்தான் என்று அவள் இல்லாத நேரத்தில் பேசிக்கொள்வார்கள். கோகிலவாணியும் அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டு, மனதில் எழுதி வைத்திருக்கிறாள்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள்க்கா," என்றாள். "ஆறு மணிக்கு மூடிடுவாங்க. போன்லயே ஃபார்ம் பூரா நிரப்பிட்டேன், ஆப்ஷனல்னு அந்த ஒரு கட்டம்தான் பாக்கி. போட்டுட்டா இந்த வருஷம் மாத்த முடியாது."

"தெரியும்."

"அப்பா இந்த ஒரு தடவைதான்னு சொல்லிட்டாரு."

ஜெபமலர் இப்போது நிமிர்ந்தாள்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர் அப்பா. "இந்த ஒரு தடவைதாம்மா, அதுக்கப்புறம் நாங்க சொல்றதைக் கேளு" என்று போனில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் கோகிலவாணி. என்ன படிக்கலாம் என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. அதனால் எல்லோரிடமும் கேட்டாள். ஹாஸ்டலில் கேட்டாள். டீக்கடையில் கேட்டாள். தேர்வானவர்கள் யூடியூபில் பேட்டி கொடுத்தால், கடைசியில் எந்தப் பாடத்தைச் சொல்கிறார்கள் என்று காத்திருந்து கேட்டாள். யார் எதைச் சொன்னாலும் அந்தப் புத்தகங்கள் அவள் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தன.

"உன் புத்தகமெல்லாம் எங்கே?" என்றாள் ஜெபமலர்.

"ஹாஸ்டல்ல."

"எடுத்துட்டு வா."

"எந்தப் பாடம்க்கா?"

"ஆப்ஷனல்னு எதையெல்லாம் நெனச்சியோ அத்தனையும். காலேஜ்ல படிச்சது உட்பட."

"அது ஜியாலஜிக்கா. அதை யாரும் எடுக்க மாட்டாங்க. கோச்சிங்கே கிடையாது."

"நான் எடுன்னு சொல்லலையே. எடுத்துட்டு வான்னுதான் சொன்னேன்."

ரியாஸும் கூடப் போனான். இரண்டு கட்டைப்பைகள் நிறைந்தன. படியேறும்போது அவன் மூச்சு வாங்கினான்.

"இத்தனை பாடம் படிச்சதுக்கு உன்னையே ஒரு யுனிவர்சிட்டின்னு அறிவிச்சிடலாம். நாங்க வந்து சேர்ந்துக்கிறோம்."

"பேசாம வா."

பைகளை மேஜைமேல் வைத்தார்கள். ஜெபமலர் பேனாவை மூடினாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு, கோகிலா."

"எந்த ரிசல்ட்?"

"உன் ரிசல்ட். பேரு இருக்கு. ரேங்க் மட்டும் நீயே சொல்லிக்கோ."

"தமிழ்நாட்டுலயே போஸ்டிங் கிடைக்கிற மாதிரி பார்த்துச் சொல்லு!" என்றான் ரியாஸ்.

ஜெபமலர் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த அலமாரியைக் காட்டினாள்.

"புத்தகத்தை வை."

எழுதிக்கொண்டிருந்த எல்லோருடைய பேனாவும் நின்றது.

அந்த அறையில் யாரும் "பாஸாகிவிட்டாள்" என்று சொல்வதில்லை. "புத்தகம் வெச்சுட்டா" என்றுதான் சொல்வார்கள். பட்டியலில் பெயர் வந்தவர்கள் தங்கள் ஆப்ஷனல் புத்தகங்களைக் கொண்டுவந்து அந்த அலமாரியில் ஒவ்வொன்றாக வைப்பார்கள். வைத்தவர் கையை எடுத்ததும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பெற்றவர்களும் வந்திருப்பார்கள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் நிற்பார்கள்.

கோகிலவாணி அப்படி ஓர் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. படுத்ததும் அதை எடுத்து வைத்துக்கொள்வாள். அலமாரி, கையில் புத்தகம், வாசலில் பச்சைப் புடவையில் அம்மா. "செருப்பை இங்கயே விட்டுடவாடி?" என்று அம்மா கேட்பாள். அந்த இடத்தில் தூக்கம் வந்துவிடும்.

"விளையாடாதீங்கக்கா."

"நான் எப்ப விளையாடியிருக்கேன்?"

"பாஸாகாம அதுல வைக்கக் கூடாதுக்கா. நீங்களே வைக்கலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ரியாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெபமலரின் முகம் மாறவில்லை.

"ஆமா. நான் வைக்கலை," என்றாள். "நீ வை."

கோகிலவாணி பையில் கையை விட்டாள். மானிடவியல் வந்தது. அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். கையை எடுத்ததும் யாரோ கை தட்டினார்கள். கிண்டலாகத்தான் தொடங்கினார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பாதியில் கிண்டல் எங்கோ போய்விட்டது. தட்டிக்கொண்டிருந்த எல்லோரும் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை நான் எடுத்துக்கிறேன்," என்றான் ரியாஸ். "என்னோடது அட்டையே போயிடுச்சு."

"எடுத்துக்கோ."

சமூகவியலை வைத்தாள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்துவந்து எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்க்கா" என்றாள். கோகிலவாணியை அந்த அறையில் யாரும் அதுவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

பொது நிர்வாகம் போயிற்று. தமிழ் இலக்கியம் போயிற்று. ஒவ்வொன்றாகப் போகப் போக உடம்பு லேசாகியது. இது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை வாசலைப் பார்த்தாள்.

வாசலில் யாரும் இல்லை.

பைக்குள் இன்னும் ஒன்று இருந்தது. காலண்டர் தாளில் அட்டை போட்ட நிலவியல் புத்தகம். எடுத்தாள். நடுவில் ஒரு பஸ் டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் படித்து நிறுத்திய இடம்.

அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா சுரங்கத்திலிருந்து ஒரு கல் கொண்டுவந்தார். கல்லுக்குள் சுருள் சுருளாக ஒரு பெரிய சங்கு. தட்டினால் கல்தான். பார்த்தால் சங்குதான்.

"கடலே இல்லாத ஊருல சங்கு எப்படிப்பா வந்துச்சு?"

"அதெல்லாம் படிச்சவங்களைத்தான் கேக்கணும்," என்றார் அப்பா.

கல்லூரியில் அவள் நிலவியல் எடுத்தது அதனால்தான். இப்போது வீடு இருக்கும் இடத்தில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இருந்தது என்று படித்த நாளில், ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு போன் போட்டு அழுதாள். என்ன ஆயிற்று என்று அம்மா பதறிப்போனாள். ஒன்றுமில்லை, நம் ஊரில் கடல் இருந்திருக்கிறது என்றாள். "இருந்தா இருந்துட்டுப் போகுது, சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

அந்தக் கடல் எப்படி வந்தது என்று படித்துவிட்டாள். ஏன் போனது என்ற பக்கத்துக்கு வந்திருந்தாள். அன்றைக்குத்தான் யூடியூபில் ஒருவர், குறைந்த நாளில் முடிக்கப் பொது நிர்வாகம்தான் வழி என்று சொன்னார். பஸ் டிக்கெட்டை வைத்து மூடினாள். அதோடு சரி.

"ம்," என்றாள் ஜெபமலர். "அதையும் வை."

கோகிலவாணி புத்தகத்தைத் தட்டுவரை கொண்டுபோனாள்.

"இதை யாரும் எடுத்துக்க மாட்டாங்கக்கா."

"அது உன் கவலை இல்லை. நீ வை."

புத்தகத்தின் ஓரம் பலகையில் பட்டது. கை விடவில்லை.

"என்ன?"

"இது மட்டும் இருக்கட்டும்க்கா."

"எதுக்கு? நீதான் பாஸாயிட்டியே. இனிமே பரீட்சை கிடையாது. மார்க் கிடையாது. சப்-கலெக்டர் அம்மாவுக்கு இது எதுக்கு?"

அறையில் இப்போது யாரும் தட்டவில்லை.

"கொஞ்சம் மீதி இருக்குக்கா."

"என்ன மீதி?"

"கடல் ஏன் போச்சுன்னு இன்னும் படிக்கல."

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். புத்தகம் எப்போது நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை.

ஜெபமலர், அவ்வளவுதான் வேலை என்பதுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திருத்த வேண்டிய தாள்களை ஓரமாகத் தள்ளினாள். தன் கைப்பையைத் திறந்து ஒரு தடித்த கணிதப் புத்தகத்தை எடுத்தாள். முதுகு கிழிந்து, டேப் ஒட்டி, டேப்பும் பழுத்துப்போன புத்தகம். அடையாளம் வைத்த பக்கத்தைத் திருப்பி, பென்சிலைச் சீவினாள்.

அந்தப் பையில் அந்தப் புத்தகத்தை கோகிலவாணி பலமுறை பார்த்திருக்கிறாள். பாவம், வைக்க முடியாமல் போன புத்தகம் என்று நினைத்திருக்கிறாள்.

பென்சில் ஓடத் தொடங்கியது. ஒரு வரி. அடித்துவிட்டு இன்னொரு வரி. ஜெபமலரின் உதடு எதையோ முணுமுணுத்தது. இவளுக்கு இனி எந்தப் பரீட்சையும் கிடையாது. இதைத் திருத்த ஆளும் கிடையாது.

கோகிலவாணி மேஜை அருகே வந்தாள்.

"அக்கா."

"ம்."

"உங்க பேரு வந்திருந்தா, இந்தப் புத்தகத்தை வெச்சிருப்பீங்களா?"

பென்சில் நின்றது.

கீழே மெஸ்ஸில் சாயங்கால வடைக்கு எண்ணெய் காயும் வாசனை வந்தது.

ஜெபமலர் விட்ட வரிக்கு அடுத்த வரியை எழுதினாள்.

"மணியாகுது," என்றாள். "போனை எடு, அந்தக் கட்டத்தைப் போடு."