பிட்டன் ருசித்த சிவப்பு மது

முன்னொரு காலத்தில் மணல்துறை என்ற கடற்கரை நாட்டை நெடுமுடியன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. இடையில் மாட்டிக்கொண்டவன் செத்தான்.

ராஜாவின் வாயில் படும் எதையும் முதலில் பிட்டன் ருசிபார்க்க வேண்டும். விஷம் இருந்தால் ராஜாவுக்குப் பதில் அவன் சாவான். அதுதான் அவன் உத்தியோகம். அவனை அதில் அமர்த்தியவர் அமைச்சர் சாத்தந்தை.

ஒருநாள் யவனக் கப்பலில் கருஞ்சிவப்பு திராட்சை மது வந்தது. பிட்டன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "கொஞ்சம் முரடு. ஆனா நல்ல மது, மகாராஜா" என்றான்.

மணல்துறையில் விருந்து என்றால் பாயசத்தில்தான் தொடங்கும். ராஜாவும் வெல்லப் பாயசத்தை வழித்துத் தின்ற நாக்கோடு மதுவை ஊற்றிக்கொண்டான். முகம் கோணிப்போயிற்று.

"தூ! கடுக்காய்க் கஷாயமா இது? நாக்கைப் பிடித்து இழுக்கிறதே!"

விருந்து மேற்பார்வை மல்லங்கீரனுடையது. அமைச்சர் நாற்காலிமேல் அவனுக்கு நெடுநாள் கண். "மெல்லக் கொல்லும் விஷம் இப்படித்தான் இழுக்கும், பிரபு. பிட்டன் யார் வைத்த ஆள் என்பதையும் யோசியுங்கள்" என்றான்.

"கொண்டுபோய்த் தலையை எடுங்கள்!"

பிட்டனை இழுத்துப் போனார்கள். சாத்தந்தை எழுந்தார். "மகாராஜா, இனிப்புக்குப் பின் குடித்தால் இந்த மது கசக்கத்தான் செய்யும். கொழுப்புள்ள கறியோடு குடித்துப் பாருங்கள்."

ராஜா கொட்டாவி விட்டான்.

உண்மையைச் சொன்னால் ராஜாக்களுக்குத் தூக்கம் வரும், வேடிக்கை காட்டினால்தான் கண் திறக்கும் என்பது சாத்தந்தைக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்படியானால் ஒரு பந்தயம். இன்றே உங்கள் வாயால் யவன மதுவைப் புகழவைக்கிறேன். தோற்றால் என் தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பிட்டனைத் தொடக்கூடாது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். "பலே! மல்லங்கீரா, கொலைக்களத்துக்குப் போய் நிறுத்தச் சொல்."

மல்லங்கீரன் குனிந்து வணங்கினான்.

சபையிலேயே கரி மூட்டினார்கள். ஆட்டுத்தொடையில் உப்பும் மிளகும் தேய்த்துச் சாத்தந்தை தம் கையாலேயே வாட்டினார். கொழுப்பு உருகிச் சொட்டச் சொட்ட, அவர் மனசு கொலைக்களத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. கறி பதமானதும் வேறொரு வெள்ளிக் குவளையில் மதுவை நீட்டினார்.

"இது இன்னொரு சாடி, மகாராஜா."

ராஜா கறியைக் கடித்தான், குடித்தான், கண்ணை மூடினான். "ஆகா! கறிக்கு மது பிறந்ததா, மதுவுக்குக் கறி பிறந்ததா? இதையல்லவா முதலில் தந்திருக்க வேண்டும்! இதை ருசிபார்த்தவன் யார்?"

"பிட்டன். சாடியும் அதேதான், மகாராஜா. நான் சொன்னதுதான் பொய்."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் தொடையைத் தட்டிச் சிரித்தான். "தோற்றேன், அமைச்சரே! மல்லங்கீரா, பிட்டனை அழைத்து வா. அவனுக்கும் ஒரு குவளை!"

மல்லங்கீரன் தூண் ஓரத்திலிருந்து அசையவில்லை.

"நிறுத்தச் சொன்னாயா இல்லையா?"

"பந்தயம் எப்படி முடிகிறதென்று பார்த்துவிட்டுப் போகலாமென்று... இருந்துவிட்டேன், பிரபு."

சபையில் சிரிப்பு நின்றது. கொலைக்களத்தில் வேலை எப்போதோ முடிந்திருந்தது.

ராஜா கையிலிருந்த குவளையை மல்லங்கீரன்மேல் வீசினான். "இனி எனக்கு நீதான் ருசிபார்ப்பாய். சாகும்வரை!" பிறகு சாத்தந்தை பக்கம் திரும்பினான். "என்ன வேண்டுமோ கேளுங்கள்."

"பிட்டனின் உடலைக் கொடுங்கள். நானே அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்."

தம் அமைச்சர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஆட்டெலும்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு இறங்கிப்போனார். அவரை யாரும் தடுக்கவில்லை.

மதுவால் வந்த வினை முன்பே காதுக்கு எட்டி, பிட்டனின் மனைவி வேண்மா வாசலில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள். அழ ஆரம்பிக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, அந்த மது நல்லதுதானா?"

"நல்லதுதான், தாயி."

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ராஜா அதன்பின் ஆட்டுக்கறியோடுதான் அந்த மதுவைக் குடித்தான். ருசி கண்டுபிடித்த ராஜா என்று அவனைப் பாட ஆட்கள் இருந்தார்கள். பிட்டனைப் பாட ஒருவருமில்லை. அவன் பேரைச் சொல்லத்தான் இந்தக் கதை.