வால் முளைத்த எழுத்து

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்கு ஓர் எழுத்தின் மேல் மோகம் பிறந்தது. கப்பலில் வந்த வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்துவிட்டுப் போன இங்கிலீஷ் அகராதியில் இருந்தது அந்த எழுத்து. வட்டமாக உடம்பு, கீழே குட்டி வால். பெயர் க்யூ. எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறதே என்று ராஜா அந்தப் பக்கத்தையே நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த மோகம் தலைமைப் பண்டிதர் மார்த்தாண்டருக்கு வசதியாகப் போயிற்று. தன் வீட்டுத் தாமரைக் குளத்தை நிரப்புவதற்காக, மேட்டுப்பட்டி வயல்களுக்குத் தண்ணீர் போகும் மடையை அவர் அடைத்து வைத்திருந்தார். பயிர் காய்ந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் முறையிட வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ராஜாவின் காதில் ஒரு யோசனையை ஓதினார்: அந்த எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்களை அர்த்தத்தோடு அறிந்தவர் மட்டுமே முறையிட வரலாம். ராஜாவும் தலையாட்டினார். மேட்டுப்பட்டிக்காரர்கள் கோட்டை வாசலோடு நிறுத்தப்பட்டார்கள்.

அந்த அவையில் விகடம் சொல்லும் வேலை அங்காயிக்கு. துணி வெளுக்கிறவர் வீட்டுப் பெண். அவள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள். ராஜா அவள் பேச்சுக்கு மட்டும் வாய்விட்டுச் சிரிப்பார் என்பதாலேயே பண்டிதருக்கு அவளைக் கண்டால் ஆகாது. வாசலில் நிற்பவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தவள், நேரே சிம்மாசனத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அரசே, பயிர் எந்த எழுத்தில் காய்ந்தால் தங்கள் காதில் விழும்?"

ராஜாவின் முகம் சுருங்கியது. பண்டிதர் முந்திக்கொண்டார். அழுக்குத் துணி மூட்டை தூக்குகிற குடும்பத்துக்கு எழுத்தைப் பற்றி என்ன பேச்சு என்று இளித்தார்.

"என் பாட்டன் கையில் எழுத்து இல்லை. அப்பன் கையிலும் இல்லை. இருக்க விடவில்லை. என் கையில் இருக்கிறது. அதுதானே உங்களுக்கு உறுத்துகிறது, பண்டிதரே?"

பண்டிதர் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே சோதனை வைத்தார். அந்த எழுத்தின் பெயர் போலவே ஒலிக்கும் க்யூ என்ற சொல், பிறகு கொஸ்டின், குவாரல், குவயட், குயின். ஐந்துக்கும் அவள் அர்த்தம் உணர்த்திவிட்டால் ஊர்க்காரர்கள் முறையிடலாம். ஆனால் ஒரு விதி.

"அர்த்தத்தைத் தமிழில் சொன்னால் அந்த எழுத்துக்குத் தீட்டு. சொல்பவர் அந்த நொடியே அவையை விட்டு இறங்க வேண்டும். பிறகு இந்தப் பக்கமே வரக்கூடாது."

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்."

ராஜாவும் ஆமோதித்தார். அங்காயிக்கு அர்த்தமெல்லாம் தெரியும். அந்த வணிகன் அரண்மனையில் தங்கியிருந்தபோது கேட்டு வைத்திருந்தாள். ஆனால் இங்கிலீஷில் கோவையாகப் பேசத் தெரியாது, தமிழில் சொல்லக்கூடாது. வாயைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று பண்டிதர் மீசையைத் தடவினார்.

"சொல்லவில்லை, காட்டுகிறேன். கோட்டைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்" என்றாள் அங்காயி. "க்யூ."

கதவு திறந்தது. மேட்டுப்பட்டி ஊரே ஒருவர் பின் ஒருவராக வெயிலில் நின்றது. ராஜா எழுந்து எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, எவ்வளவு நீள வரிசை" என்றார்.

"கொஸ்டின்" என்று சொல்லி, முதலில் நின்ற பேச்சிமுத்துவைக் கைகாட்டி அழைத்தாள். அவர் தோள் துண்டை எடுக்காமலே வந்தார்.

"சாமி, எங்க மடைய அடைச்சது யாரு?"

"என்னிடமே கேள்வியா?" என்றார் ராஜா.

"குவாரல்" என்று அங்காயி, பண்டிதரின் பின்னால் பதுங்கி நின்ற மடைக்காவலரைச் சுட்டினாள். அவருக்கு வியர்த்துவிட்டது. பண்டிதர் சொல்லித்தான் அடைத்தேன் என்றார். புளுகாதே என்று பண்டிதர் பாய்ந்தார். ஒருவர் அங்கவஸ்திரம் மற்றவர் கையில் வந்தது.

"என் முன்னாலேயே சண்டையா?" என்று ராஜா அதட்டினார்.

பதறிப்போன பண்டிதர், ராணியாரின் பூசைக்குத் தாமரை வேண்டுமே என்றுதான் அடைத்தேன் என்று உளறிவிட்டார். அவ்வளவுதான். விசிறி போடுகிறவன்கூட விசிறியை நிறுத்தினான்.

"குவயட்" என்றாள் அங்காயி மெல்ல.

"ஏன் இந்த அமைதி?" என்று ராஜா சுற்றிலும் பார்த்தார்.

மேல்மாடத்திலிருந்து சிலம்பொலி இறங்கி வந்தது. பயிரைக் காயவிட்டுத் தேக்கிய தண்ணீரில் பூத்த பூவை எந்தச் சாமிக்குப் போடச் சொன்னேன் என்று பண்டிதரைக் கேட்டபடியே அவைக்குள் வந்தாள் ராஜாவின் மனைவி.

"குயின்" என்று அங்காயி கும்பிட்டாள். "ராணி, நீயுமா?" என்றார் ராஜா.

"சோதனை முடிந்தது, அரசே. என் வாயிலிருந்து ஓர் அர்த்தம்கூட வரவில்லை. ஐந்தையும் நல்ல தமிழில் தாங்களே சொல்லிவிட்டீர்கள். யாராக இருந்தாலும் என்பது விதி. ஒன்று தாங்கள் இறங்க வேண்டும், அல்லது இந்த விதி இறங்க வேண்டும்."

ராஜா சிம்மாசனத்தைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். பிறகு கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். விதி இறங்கியது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அங்காயி கை நீட்டவில்லை.

"முதலில் மடை. பிறகு மாலை."

அந்தச் சாயங்காலமே மேட்டுப்பட்டி வயலில் தண்ணீர் ஏறியது. மாலையும் அவள் கழுத்தில் ஏறியது. தலைமைப் பதவி போன மார்த்தாண்டர் மறுநாள் மன்னிப்புக் கேட்க அரண்மனைக்கு வந்தார். வாசலில் ஏகப்பட்ட கூட்டம். காவலன் "க்யூ" என்று கைகாட்டி, அவரைக் கடைசியில் போய் நிற்கச் சொன்னான். அதற்கு மட்டும் அவருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.