ஒதுக்கிவிட்ட வயர்

கனகவல்லியின் லேப்டாப்புக்குத் தானே பேட்டரி மாற்றித் தருவதாக அறவாழி சொன்னபோது, ஆசிரமத்தில் யாரும் தடுக்கவில்லை. முப்பது வருடம் அனல்மின் நிலையத்தைக் கட்டி மேய்த்த இன்ஜினியர். அவருக்கு இந்தச் சின்னப் பெட்டி எம்மாத்திரம்?

மாற்றிய பிறகு பெட்டி கிளம்பவில்லை. சார்ஜரைச் செருகினால் விளக்கு மட்டும் எரிந்தது. பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் திரை இருட்டாகவே இருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்குக் கனகவல்லிக்கு எம்.ஏ. வாய்மொழித் தேர்வு. ஆசிரமத்துச் சமையலுக்கு நடுவே இரண்டு வருடமாக அவள் எழுதிய ஆய்வேடு அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

"அடுப்படியில வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தா ஆவி ஏறாம என்ன செய்யும்?" என்று அறவாழி ஆசிரமம் முழுக்கக் கேட்கும்படி அவளிடம் எரிந்து விழுந்தார். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மூன்று முறை பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். பூங்கோதை அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பேட்டரியை மட்டும்தான் மாத்தினேன். ஏன் ஓடலை?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"பேட்டரி போலியா இருக்குமோ?"

"சார்ஜ் ஏறுதா?"

"ஏறுது."

"அப்ப அதை விடுங்க. நீங்க செஞ்சதைச் சொல்லுங்க. கடைசியிலேர்ந்து."

அது அந்த ஆசிரமத்து வழக்கம். சாவி தொலைந்தாலும் சரி, சாம்பார் கெட்டாலும் சரி, செய்ததைக் கடைசியிலிருந்து தொடக்கம் வரை சொல்ல வேண்டும். முதலிலிருந்து சொன்னால் மனுஷன் தனக்குத் தோதான கதையைச் சொல்லிவிடுவான் என்பது அம்மாளின் கட்சி.

"பொத்தானை அமுக்கினேன். அதுக்கு முன்னாடி மூடியைத் திருகினேன். அதுக்கு முன்னாடி புதுசை மாட்டினேன். அதுக்கு முன்னாடி பழசை எடுத்தேன்."

"சுலபமா வந்துச்சா?"

"வந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "இல்லை. குறுக்கே பட்டையா ஒரு வயர் இருந்துச்சு. அதை ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தேன்."

"அதைச் சொல்லலையே."

"அது பேட்டரி இல்லையேம்மா."

"வேற என்ன?"

அறவாழிக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினார்.

வயரை விரலால் தொட்டுத் தொடர்ந்து போனார். அது பொத்தானிலிருந்து வந்தது. அதன் நுனி பள்ளத்திலிருந்து மயிரிழை வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளி, மேலிருந்த சின்னப் பூட்டை அமுக்கினார். பொத்தானைத் தொட்டதும் திரை வெளிச்சமானது. கனகவல்லியின் ஆய்வேடு அப்படியே இருந்தது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மூணு தடவை கழட்டியும் அந்த வயர் கண்ணுல படலை பாருங்கம்மா! இப்ப எல்லாம் சரியாயிடுச்சு."

"எல்லாமா?"

"ஆமா. கை பட்டது ஒண்ணு விடாமச் சொல்லிட்டேனே."

அம்மாள் உரித்த காய்களை முறத்தில் ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"கை பட்டதைச் சொன்னீங்க. வாய் பட்டது அடுப்படியில இருக்கு."