மிச்சமான பதினொரு நிமிஷம்

கடல் ஏறி வந்து கணவனைக் கொண்டுபோன பிறகு மருதாயிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் ரோஸ்லின் டீச்சரிடம் போய் நின்றாள். கரையோர வரிசையின் கடைசி வீட்டில் இருந்துகொண்டு, தீவின் நிலநடுக்கக் கருவியைப் பார்த்துக்கொள்கிறவள் டீச்சர். மருதாயியைவிடப் பத்து வயது இளையவள்.

"அடுத்தது எப்ப வரும், டீச்சரம்மா?"

டீச்சர் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசைக்கு வெளியே பாதி நீட்டி வைத்தாள். ஒரு கையால் மேசைமேல் இருந்த பாதியை அமுக்கிக்கொண்டு, மறு கை விரலால் நுனியைக் கீழே வளைத்தாள்.

"கடலுக்கடியில ஒரு தரை நம்ம தரைக்குக் கீழ நுழையுது, அக்கா. நுழையறப்ப நம்ம விளிம்பையும் கவ்வி இழுத்துக்கிட்டே போகுது. வருஷக்கணக்கா. அந்தப் பிடி விட்டா விளிம்பு துள்ளும். மேல இருக்கிற கடலும் சேர்ந்து துள்ளும்."

"சரி, எப்ப விடும்?"

"விரலைப் பாருங்க."

மருதாயி பார்த்தாள். டீ ஆறிப்போனது. ஈ வந்து உட்கார்ந்து எழுந்தது. கழுத்து வலித்து முகத்தைத் திருப்பினாள். ஸ்கேல் பட்டென்று அடித்தது.

"என்னை ஏமாத்துறீங்க!"

"இல்லக்கா. விரல் வழுக்கிடுச்சு. எனக்கும் தெரியாது."

"அப்ப நான் எதைத்தான் கேக்குறது?"

"ஆட்டம் நின்ன பிறகு எவ்வளவு நேரம் இருக்குன்னு கேளுங்க. நம்ம கரைக்கு அலை வர இருபது நிமிஷம்."

அன்றிலிருந்து மருதாயி தினமும் குன்றேறினாள். ரேஷன் கார்டு, டார்ச், மாத்திரை, தண்ணீர் எல்லாம் ஒரே பையில். பதினைந்து நிமிஷம் பன்னிரண்டானது. பன்னிரண்டு ஒன்பதானது.

வரிசையில் எட்டு வீடு. பகலில் எல்லோரும் மேட்டிலிருந்த பாக்குத் தோப்புக்குப் போய்விடுவார்கள். பாக்கியம் மட்டும் வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரண்டு காலும் வராது.

"ஓடு, ஓடு. மேல யாரு உனக்கு விருந்து வச்சிருக்கா?" என்பாள்.

மூச்சு வீணாகுமே என்று மருதாயி பதில் சொல்வதில்லை.

ஒருநாள் வழியில் டீச்சர், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மணல் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். "மேல வீடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டபடியே மருதாயி அவளைத் தாண்டி ஓடினாள்.

மாசியில் ஒரு நடுப்பகல் தரை ஆடியது. நிற்க முடியாமல் ஆடியது. ஆட்டம் ஓய்ந்ததும் மருதாயி பையை எடுத்தாள். பின்னால் "மருதாயீ!" என்று பாக்கியத்தின் குரல். ஓடினாள்.

ஒன்பது நிமிஷம்.

குன்றின் மேல் காற்றைத் தவிர ஒருவரும் இல்லை. கீழே கடல் தகரம் மாதிரிக் கிடந்தது. பையைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். தண்ணீர் குடிக்கத் தோன்றவில்லை. பதினொன்று. பதிமூன்று. அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. இறங்கலாம் என்று ஓரடி வைத்தாள். அடுத்த அடிக்குக் கால் எழவில்லை. பதினாறு.

பதினெட்டாவது நிமிஷத்தில் சக்கரம் கிறீச்சிட்டது. வண்டியில் பாக்கியம், மடியில் உரிக்காத பாக்கோடு. பின்னால் டீச்சர், வியர்வையில் தொப்பலாக நனைந்து.

"எனக்கும் சேர்த்து இடம் போட்டு வச்சியாடி?" என்றாள் பாக்கியம்.



மூவரும் கடலைப் பார்த்தபடி இருந்தார்கள். இருபது நிமிஷம் கழிந்தது. ஒரு மணி, இரண்டு மணி கழிந்தது. அன்று அலை வரவில்லை.

வெயில் சாய்ந்து, இறங்க எழுந்தபோது மருதாயி கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை நிமிஷத்துல ஏறணும், டீச்சரம்மா?"

டீச்சர் வண்டியின் கைப்பிடியை அவள் கையில் கொடுத்தாள்.

"பதினெட்டு."