மெல்லப் படிக்கும் கரண்ட்

"மேடம், இது மறந்துடுது."

மூன்று வாரமாகக் குணபாலன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரஷீதா மேடம் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"எது சார்?"

"நம்ம செல்தான். காலையில ஒண்ணுன்னு எழுதி வெக்கிறேன். சாயங்காலம் பாத்தா பூஜ்யம்ங்குது."

எங்கள் ஆய்வுக்கூடத்தில் குரு சிஷ்யரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சிஷ்யருக்கு நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்து, முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் குணபாலன். முதல் நாள் மேடம் "வாங்க சார்" என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

அப்போது மேடம், குணபாலன், இளைய மாணவர்கள் நாங்கள் இருவர் என நான்கு பேரும் தரைத்தளத்தில் இருந்தோம். சுவரெல்லாம் ஈரம் ஊறியிருக்கும். இப்போது மூன்றாவது மாடியில் புத்தம் புதிய கூடம், எல்லா வசதியும் உண்டு. ஆனால் அந்த ஈரச் சுவரை இன்றைக்கும் நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுண்டு.

அது ஒரு தேசியத் திட்டம். பதினொரு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்திருந்தன. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மட்டும் நம்பியிராமல் அதன் தற்சுழற்சியையும் கொண்டு கணினி செய்வது, அதனால் மின்சாரச் செலவைக் குறைப்பது. சொல்ல ஒரு வரிதான். செய்ய எங்கள் உயிர் போனது.

எங்கள் பங்கு ஒரே ஒரு நினைவகச் செல். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துணுக்கு. அது மேலே பார்த்தால் ஒன்று, கீழே பார்த்தால் பூஜ்யம். கரண்ட்டே இல்லாமல் பத்து நாள், எழுதியதை எழுதியபடி வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் எங்களுக்கு இடம். இல்லையென்றால் எங்கள் குழுவைக் கலைத்துவிடுவார்கள். குணபாலன் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும்.

மதிப்பீட்டுக் குழு வருவதற்குப் பதினொரு நாள் இருந்தது.

"எத்தனை தடவை படிச்சுப் பாத்தீங்க சார்?"

"கால் மணிக்கு ஒரு தடவை."

"எதுக்கு?"

"இருக்கா இல்லையான்னு தெரிய வேண்டாமா மேடம்?"

"எவ்வளவு கரண்ட் விட்டீங்க?"

குணபாலன் கொஞ்சம் தயங்கினார்.

"பதில் பளிச்சுனு வரட்டுமேன்னு கொஞ்சம் கூட்டி வெச்சேன்."

மேடம் எழுந்து வந்து கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழைப் பார்த்தார். அந்தக் 'கொஞ்சம்' எட்டு மடங்காக இருந்தது.

இந்தச் செல்லில் எழுதவும் கரண்ட் வேண்டும், படிக்கவும் கரண்ட் வேண்டும். படிக்கும் கரண்ட் அளவு மீறினால் அதுவே எழுதிவிடும். இது குணபாலனுக்குத் தெரியாதா என்ன? தேர்வில் கேட்டால் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவார். ஆனால் பின்வரிசை வரைக்கும் கேட்கவேண்டுமென்று இருபத்திரண்டு வருடம் குரலை உயர்த்தியே பழகிய மனுஷர். கை தன் போக்கில் குமிழைத் திருகியிருந்தது.

மேடம் திட்டவில்லை. செல்லில் ஒன்று என்று எழுதினார். பிளக்கைப் பிடுங்கினார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அறையைப் பூட்டினார்.

"பத்து நாள் சார்."

"நடுவுல இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"போயிட்டா?"

"போயிருக்கும்."

"அது வரைக்கும் நான் என்ன பண்றது மேடம்?"

"வாங்க, டீ சாப்பிடலாம்."

அந்தப் பத்து நாளைப் போல ஒரு காலம் எங்களுக்கு அப்புறம் வாய்க்கவில்லை. கேன்டீன் வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்ச் உண்டு. அதில் உட்கார்ந்து குணபாலன் தன் கல்லூரியைப் பற்றிப் பேசுவார், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

"நாப்பத்தஞ்சு பிள்ளைங்க. போர்டுல ஒரு சமன்பாட்டை எழுதிட்டுத் திரும்பி, 'புரிஞ்சுதா?'ன்னு கேப்பேன். கேட்டு வாய் மூடல, 'புரிஞ்சுது சார்'னு மொத்தக் கிளாசும் ஒரே குரல்ல சொல்லும். அந்தச் சத்தம் இருக்கே! அந்த நாளெல்லாம் இனிமே எங்க வரப்போகுது?"

சொல்லும்போது அவர் முகம் அப்படியே மலர்ந்துவிடும். எங்களுக்கும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டோமா என்றிருக்கும்.

மேடம் மட்டும் ஒருநாள் கேட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், அடுத்த சமன்பாடு."

மேடம் டீயை ஊதிக் குடித்தார்.

ஆறாவது நாள் குணபாலனால் தாங்க முடியவில்லை.

"ஒரே ஒரு தடவை பாத்துடறேன் மேடம். ராத்திரி தூக்கமே இல்ல."

மேடம் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார் குணபாலன். திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டார்.

பதினோராம் நாள் காலை குழு வந்தது. மூன்று பேர். தலைவருக்கு மதியம் விமானம்.

கதவைத் திறந்து பிளக்கைச் செருகினோம். குணபாலன் குமிழை மேடம் சொன்ன அளவில் வைத்துப் படிக்கத் தொடங்கினார். அந்த அளவில் பதில் ரொம்ப மெலிசாக, கருவியின் மின் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். கருவி அதைப் பிரித்தெடுக்க நேரமாகும்.

திரையில் புள்ளிகள் தாறுமாறாகத் துள்ளின. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"ஒண்ணும் வரலையே?" என்றார் தலைவர்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கரண்ட்டைக் கொஞ்சம் கூட்டுங்களேன். எனக்கு நேரமாகுது."

குணபாலனின் கை குமிழுக்குப் போய்விட்டது. அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை மெதுவாக மடிக்குத் திரும்பியது.

"கொஞ்சம் இருங்க சார். சொல்லும்."

தலைவர் முகம் சுளித்தார். குணபாலன் அதைக் கவனிக்கவில்லை. திரைக்கு முன்னால் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடம். நான்கு நிமிடம்.

ஐந்தாவது நிமிடம் புள்ளிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கோடு மேலே ஏறி நின்றது.

ஒன்று.

நாங்கள் குதித்தோம். தலைவர் சிரித்துவிட்டார், மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாம் கட்டத்தில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குணபாலன் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

மேடம் பக்கத்தில் போனார்.

"அதான் வந்துடுச்சே, என்ன சார்?"

"இருபத்திரண்டு வருஷம் மேடம். 'புரிஞ்சுதா?'ன்னு கேட்டுட்டு, ஒரு பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் குடுத்ததில்ல."