மழைப்பூதமும் நான்காம் வினாவும்

எந்தப் பெயருக்குள்ளும் அடங்காமல், எந்தப் பெயரால் அழைத்தாலும் இரங்கி வரும் இறைவன் திருவடிகள் போற்றி!

முன்னொரு காலத்தில் நீலவாய் நாட்டில் பூதங்கள் ஏவல் செய்துவந்தன. ஒவ்வொரு பூதத்தின் மார்பிலும் ஒரு செப்பேடு தொங்கும். ஏவினால் பூதம் வேலை செய்யும். வினவினாலோ, அசையாமல் நின்று தன்னைப் பற்றிய உண்மையை மட்டும் உரைக்கும். பெயர், பெறுவது, தருவது என மூன்றையும் வினவாமல் எவரும் ஏவுவதில்லை. அரண்மனையில் வினவும் பணி தையல்நாயகி என்னும் பெண்ணுடையது.

மூன்றாண்டுகள் மழை பொய்த்தது. அப்போது காரகன் என்னும் மந்திரவாதி, கரும்போர்வை போர்த்திய பூதமொன்றை அவைக்குக் கொணர்ந்தான். போர்வையின் மேல் செப்பேடு மின்னியது.

"உன் பெயர்?" என்று வினவினாள் தையல்நாயகி.

"மழைகொணர்வான்."

"பெறுவது?"

"ஒரு தாமரை."

"தருவது?"

"மழை."

அரசி உமையாள் தாமரையை உயர்த்தினாள். தையல்நாயகி கூர்ந்து நோக்கினாள். விடை மூன்றும் வந்தபோது பூதத்தின் உதடுகள் அசையவே இல்லை, பேசியது போர்வை!

"பொறுங்கள், தாயே!"

காரகன் நகைத்தான். "மூன்றும் கேட்டாயிற்றே, இன்னும் என்னடி? பூதத்தின் பல்லையும் எண்ணப் போகிறாயா?"

"எண்ண மாட்டேன் ஐயா. இன்னும் ஒன்று கேட்பேன். போர்வையே, நீ யாரை மறைத்திருக்கிறாய்?"

ஏடு தாங்கிய போர்வையாலும், வினவினால் பொய் சொல்ல இயலாதே! போர்வை நடுங்கி விலகியது. உள்ளே இன்னொரு செப்பேடு. தையல்நாயகி உரக்கப் படித்தாள்: "பெறுவன இரண்டு. முதலில் தாமரை, அடுத்து ஏவுபவர் சொல்லும் ஒரு பொருள்." அதன்கீழ் புதிதாய்க் கீறிய வரியையும் படித்தாள்: "இரண்டாவதைச் சொல்லாது விட்டால், ஏவியவரின் உயிர்."

அரியணைக்காகக் காரகன் கீறிய வரி அது.

அரசியின் முகம் வாடவில்லை. "என் உயிரால் மழை வருமெனில், வரட்டும் மகளே."

"உயிர் எதற்குத் தாயே? இரண்டாவதை நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். சொன்னதைத்தான் அது பெறும்."

அரசி நிமிர்ந்து நின்றாள். "பூதமே, முதலாவது இத்தாமரை. இரண்டாவது, உன்னை மூடிய அப்போர்வை. மழை தா!"

பூதம் தாமரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது, போர்வையை விழுங்கியது. காரகனின் மந்திரமெல்லாம் அதில்தான் நெய்யப்பட்டிருந்தது. அவன் வெறுங்கையோடு நின்றான். கீறிய வரி அழிந்தது. பூதம் முதன்முறையாகத் தன் உதடு திறந்து, "வாழ்க!" என்றது.

மழை பெய்தது. ஏரிகள் நிறைந்தன. தையல்நாயகியை அரசி தன் அருகே அமர்த்தினாள். அன்றுமுதல் அந்நாட்டில் வினாக்கள் நான்காயின.

இக்கதையைச் செவிமடுத்தோர் இல்லத்தில் மழையும் நலமும் பொழிக. மறைந்து வந்த தீங்கு எதுவும் அவர்கள் வாசலிலேயே வெளிப்படுக!