இல்லாத வட்டியை உயர்த்திய மந்தூர்க்காரர்கள்

புத்தி உள்ளவர்கள் எல்லாம் மந்தூரைவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் சேர்ந்து இரண்டு வங்கி வைத்தார்கள்.

தெருவுக்கு இந்தப் பக்கம் பொன்னுரங்கத்தின் வட்டி வங்கி. எதிரே மீராசா ராவுத்தரின் வட்டியில்லா வங்கி. அங்கே சரக்கு வாங்கி விற்று, லாபத்தைப் பணம் போட்டவர்களோடு பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த யோசனை வெளியூர்க்காரன் சொன்னது, அதனால் நன்றாகவே நடந்தது.

ஒருநாள் தலைநகரத்துப் பெரிய வங்கியிலிருந்து உத்தரவு வந்தது: ‘விலைவாசி ஏறுகிறது. வட்டியை உயர்த்துங்கள்.’

பொன்னுரங்கம் வாசலில் தொங்கிய ‘வட்டி எட்டு’ பலகையைக் கழற்றி மொட்டைமாடியில் ஏற்றினார். ஊரே அண்ணாந்து பார்த்தது. “அடேயப்பா, என்ன உசரம்!” என்று ராவுத்தரிடம் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது.

ராவுத்தர் தம் கணக்கர் ஜெய்லானியைக் கூப்பிட்டார்.

“நம்மகிட்ட வட்டியே இல்லையே. எதை உசத்துறது?”

ஜெய்லானி கண்ணை மூடி யோசித்தார். “இல்லாததைத்தான் மொதலாளி உசத்தணும்.”

“இல்லாதது என்ன கனம் இருக்கும்?”

“தூக்கினாத்தான் தெரியும்.”

ஒன்றும் எழுதாத பலகையைத் தென்னை உச்சியில் கட்டினார்கள். ‘எட்டைவிட ஒண்ணுமில்லாதது உசரமா இருக்கே’ என்று சனம் அப்படியே திரும்பி வந்தது. பொன்னுரங்கம் விடுவாரா? தம் பலகையைப் பனையில் ஏற்றினார். சனம் மறுபடி அங்கே ஓடியது.

கத்தரிக்காய் விலை மட்டும் இறங்கவில்லை. “பலகை அது கண்ணுல படலையோ என்னமோ” என்றார் ராவுத்தர், கவலையோடு.

பணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பதே எல்லாருக்கும் வேலையாகிவிட, சந்தை காலியானது. அடுத்த உத்தரவு வந்தது: ‘சந்தையில் பணத்தைப் புழங்க விடுங்கள்.’

இரண்டு பேரும் இருந்த பணத்தையெல்லாம் மூட்டையாகக் கொண்டுபோய், நடுச்சந்தையில் கட்டை அவிழ்த்துவிட்டு, தள்ளி நின்றார்கள். பணம் நகரவில்லை.

“ஏன் ராவுத்தரே அசைய மாட்டேங்குது?”

“புது இடமில்லையா? நாம மொறைச்சுப் பாத்துக்கிட்டே நின்னா அதுக்குக் கூச்சமா இருக்காதா?”

நியாயம்தான் என்று இருவரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் ஒரு காசுகூட இல்லை. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“புழங்கப் போயிருச்சு! எங்க பணம் வட்டியோட வரும் பாருங்க” என்றார் பொன்னுரங்கம்.

“எங்க பணம் வட்டியைத் தொடாது. சரக்கு வாங்கி வித்து, லாபத்தோட வரும். கொஞ்சம் தாமசமாகும்.”

பொன்னுரங்கத்தின் முகம் வாடியது. “வரும்போது ரெண்டும் கலந்துட்டா, எது உங்களுது, எது எங்களுதுன்னு எப்படிப் பிரிக்கிறது?”

ராவுத்தர் அவரை இளப்பமாகப் பார்த்தார்.

“பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எங்க பணம் மட்டும் திரும்பிப் பாக்கும்.”